தீர்ப்பு சொல்லாத வாரங்கள்

காய்ச்சல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பில் தடிப்பு வந்தால், காய்ச்சல் வேறு, தடிப்பு வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்துக்குப் போடும் மாத்திரையில் அந்த வசதி கிடையாது. அதை மாற்றும்போது என்னென்ன வரும் என்று பாருங்கள்: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, வயிற்றுப் புரட்டல், தூக்கக் கேடு, காரணமில்லாத எரிச்சல். எதற்காக டாக்டரிடம் போனோமோ அதே பட்டியல். பழைய மாத்திரை விலகுவதால் வருவதும் இதுதான். புதியது நுழைவதால் வருவதும் இதுதான். உள்ளே கிடக்கும் பதற்றமே மறுபடி தலைதூக்கினாலும் இதுதான். இந்த மூன்றில் இன்று வந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டியவளோ, சாதாரண நாளிலேயே ஒவ்வொரு இதயத் துடிப்பையும் ஆபத்தாகப் பார்த்துப் பழகியவள்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு மாத்திரை மாற்றினார்கள். அதுவரை பல வருடங்களாகப் பராக்ஸெட்டின். அதைக் குறை சொல்ல மாட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் பஸ்ஸுக்குள் மூச்சு முட்டி, பாதி வழியில் இறங்கி நடந்தவள் நான். அலுவலகத்துக்கு ஒழுங்காகப் போய்வர முடிந்தது அதனால்தான். ஆனால் உடம்பு கனத்துக்கொண்டே போயிற்று. மார்கழிக் காலையிலும் ரவிக்கையின் முதுகு நனைந்தது. எஸ்சிடலோபிராமுக்கு மாறிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். "ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டே இன்னொண்ணை ஏத்துவோம்மா. நடுவுல சில வாரம் நல்லா இருக்காது. நல்லா இல்லைங்கிறதுக்காக மருந்து சரியில்லைன்னு அர்த்தம் இல்ல. அதை நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க தீர்ப்பு எதுவும் சொல்லாதீங்க."

அப்போது இதை ஒரு சாதாரண ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாத்திரையும் ஒரே வகைதான். நரம்புச் செல்களுக்கு நடுவே வெளிவந்த செரடோனின் மறுபடி உள்ளே இழுக்கப்படுவதைத் தடுப்பவை. ஆனால் உடம்பைவிட்டு வெளியேறும் விதத்தில் இந்த வகை மாத்திரைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரையாயுள் என்பார்கள். ஃப்ளூஆக்ஸெட்டினைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது 4 முதல் 6 நாள் வரை. அது சிதைந்து உண்டாகும் பொருள் இன்னும் அதிக நாள் தங்கும். நிறுத்தினாலும் தானே மெல்ல மெல்ல இறங்கிக்கொள்ளும். பராக்ஸெட்டினுக்கு ஏறக்குறைய 21 மணி நேரம்தான். போதாததற்கு, தன்னைச் சிதைக்கிற கல்லீரல் நொதியைத் தானே முடக்கி வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அளவைக் குறைத்தால் அந்த முடக்கமும் தளர்ந்துவிடும். சீட்டில் பாதி குறைத்தால் ரத்தத்தில் பாதிக்கும் மேலாகவே குறைந்துபோகும்.

எனக்கு நேர்ந்ததில் விசித்திரமானது அந்த 'ஷாக்'. கண்ணைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சொடுக்கியது போல ஒரு வெட்டு. வலி கிடையாது. ஒரு கணம் உலகம் விட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பக்கவாதம்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். போனில் கேட்டதும் டாக்டர் அசரவில்லை: "பழைய மாத்திரை இறங்குறப்ப வர்றதுதான். தானா போயிடும். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க." இது ஒரு தெரிந்த சங்கதி, இதற்கு முன் பலருக்கு வந்து போயிருக்கிறது என்பதே பாதி மருந்தாக இருந்தது. ஸ்கூட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

அடுத்து கனவுகள். கனவு வரும் தூக்கக் கட்டத்தை இந்த மாத்திரைகள் அமுக்கி வைக்கின்றன. அளவு இறங்கும்போது அமுங்கியிருந்ததெல்லாம் சேர்ந்து கிளம்பும். என் மாமனார் இறந்து வெகுகாலம் ஆயிற்று. அவர் இரவு தவறாமல் வந்து, பட்டாவில் பெயர் மாற்றும் விவகாரத்தை என்னிடம் வாதாடிவிட்டுப் போனார். உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு பேசியதில்லை.

வயிற்றின் கதை தனி. மனசுக்குச் சாப்பிடும் மாத்திரை எதற்குக் குடலைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விஷயம் நேர்மாறானது. செரடோனின் முதலில் குடலின் சொத்து. 1930-களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் செல்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து என்டரமின் என்று பெயர் வைத்தார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரத்தத்திலிருந்து ஒன்றைப் பிரித்துச் செரடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது. மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி ட்வாரோக் காட்டியது 1953-இல்தான். உடம்பில் உள்ள செரடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் இன்றைக்கும் வயிற்றுப் பக்கம்தான் இருக்கிறது. எனவே புது மாத்திரை வந்த சேதி முதலில் போய்ச் சேர்வது அங்கே. சாப்பிட்ட பிறகு போட்டேன். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். காபியை ஒரு வேளைக்குக் குறைத்தேன். குறைத்ததை வீட்டில் எல்லோரும் அனுபவித்தார்கள். இரவில் போட்டால் தூக்கம் வராமல் போகிறது என்றதும் காலைக்கு மாற்றினார் டாக்டர். குமட்டல் மூன்றாவது வாரத்தில் விட்டது. வாய் திறந்து சொன்னால் தீரக்கூடிய தொந்தரவுகள் இவை. அதிகம் பேச இவற்றில் ஒன்றுமில்லை.

பேச வேண்டியது வேறொன்று. எங்களைப் போன்றவர்களுக்கு டாக்டர்கள் எப்போதும் சொல்வது: "சர்க்கரைக்கு மாத்திரை போடறதில்லையா, அது மாதிரிதான் இதுவும்." வெட்கத்தைப் போக்குவதற்காகச் சொல்கிறார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த ஒப்பீட்டோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சர்க்கரைக்கு ஒரு எண் இருக்கிறது. விரலில் ஊசி குத்தினால் எண் தெரியும். மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அந்த எண் சொல்லும், நோயாளியின் அபிப்பிராயத்தை யாரும் கேட்க மாட்டார்கள். எங்களுக்கு அப்படி ரத்தப் பரிசோதனை ஏதும் இல்லை. 2006-இல் வந்த ஜி.ஏ.டி.-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. பயனுள்ளதுதான். ஆனால் அதில் மதிப்பெண் போடுகிறவளும் நான்தானே. எந்த மனசைச் சோதிக்க வேண்டுமோ அதே மனசு விடைத்தாளையும் திருத்துகிறது. மாத்திரை மாறும் வாரங்களில் அது எவ்வளவு நம்பகமான வாத்தியார் என்று சொல்லத் தேவையில்லை.

இது என் ஒருத்தியின் கோளாறு அல்ல என்பதற்கு ஓர் ஆய்வு. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த மாதிரி மாத்திரைகளை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு விலகல் தொந்தரவு வந்திருந்தது. வெறும் போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. இதைக் காட்டி "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வரும். இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் மருந்தினுடையது; அந்தத் தொந்தரவு நிஜம். அந்த 17-ம் நிஜம்தான். எதிர்பார்ப்புக்கே தலை சுற்ற வைக்கும் வல்லமை உண்டு. ஒரு குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்கு வந்த கிறுகிறுப்பு இதில் எந்தக் கணக்கில் சேரும் என்பதை உள்ளே உட்கார்ந்துகொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் யார் சொல்வது? டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். தினமும் எழுதி வையுங்கள், ஆனால் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்றார். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சாப்பிட்டீர்களா, வேலைக்குப் போனீர்களா. அதையும் முடிந்தால் வேறு யாராவது எழுதட்டும். என் கணவர் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவர். பழைய டைரி ஒன்றில் தொடங்கினார். "காலை இரண்டு இட்லி. பேப்பர் படித்தாள். மதியம் அரை வயிறு. குக்கர் விசில் வரவில்லை என்று என்னைத் திட்டினாள்." என் நினைவில் அந்த வாரம் முழுக்க நரகம். டைரியிலோ நான் ஆபீஸ் போயிருக்கிறேன், முருங்கைக்காய்க்குப் பேரம் பேசியிருக்கிறேன், சீரியலில் மாமியாரின் அநியாயத்தைக் கண்டித்திருக்கிறேன். நரகத்தில் இருப்பவள் முருங்கைக்காய் விலையில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பாளா? அந்த வாரம் நான் பட்ட அவதி பொய்யில்லை. அதனோடு வாழ்வதற்கும் அதே வாரத்தில் இடம் இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

தீர்ப்பு சொல்லாதீங்க என்றதன் முழு அர்த்தம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அந்த வாரங்களில் மனசு மாத்திரையைப் பற்றி மட்டும் தீர்ப்பு சொல்வதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிவிடலாம் என்கிறது. அக்கா பத்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு சொல்லை எடுத்து வைத்து, இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்கிறது. எல்லாம் அவசர வழக்கு, எல்லாவற்றுக்கும் இன்று ராத்திரியே தீர்ப்பு வேண்டும். நான் செய்ததெல்லாம் வாய்தா வாங்கியதுதான். ராஜினாமாவா? மாத்திரை நிலைத்த பிறகு பார்க்கலாம். அக்காவா? அதுவும் பிறகு. எந்த எண்ணத்தோடும் சண்டைக்குப் போகவில்லை, எதையும் விரட்டவில்லை, கையெழுத்து மட்டும் போடவில்லை.

இதைப் பொறுமை என்று புகழ்ந்துவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதை, அதுவும் பெண் தாங்குவதை, நம் வீடுகளில் பெரிய குணமாகக் கொண்டாடுவார்கள். இந்தக் காத்திருப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. புது மாத்திரையின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நாலு முதல் ஆறு வாரம் பார்த்துவிட்டு டாக்டர் மறுபடி யோசிப்பார். காத்திருக்கவே கூடாதவையும் உண்டு, அவற்றை முதல் நாளே எனக்கு எழுதிக் கொடுத்திருந்தார். காய்ச்சலோடு உடம்பு விறைத்து, கை கால் வெட்டி, பேச்சுக் குழறினால் நேராக ஆஸ்பத்திரி. தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் வந்தால் உடனே போன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே யாரிடமாவது சொல்ல வேண்டும். 25 வயதுக்குள் இருப்பவர்களிடம், மாத்திரை தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் வீட்டார் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2004-இல் சிறுவர்களுக்காகக் கட்டம் கட்டிப் போட்ட எச்சரிக்கையை 2007-இல் 24 வயதுவரை நீட்டினார்கள். ராத்திரி வேளையில் டாக்டர் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இருமல் மருந்தோ வலி மாத்திரையோ வாங்குமுன் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும், சில சேர்க்கைகள் ஆகாது.

அக்காவின் வைத்தியம் வேறு மாதிரி. "பழக்கமாயிடும்டி. நாளைக்கே நிறுத்து. பிராணாயாமம் பண்ணு." பிராணாயாமத்தோடு எனக்கு விரோதம் இல்லை. ஆனால் 'நாளைக்கே' என்பதில்தான் ஆபத்து. போதைக்கு ஏங்குவது போல இந்த மாத்திரைக்கு ஏங்குவதில்லை. உடம்பு அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்தி வைத்துக்கொள்கிறது, திருப்பி அமைக்க அதற்கு அவகாசம் வேண்டும். 2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கோடு எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் தானே மாத்திரையைக் குறைக்கப்போய் அவதிப்பட்டவர். சிடலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் செரடோனினை இழுக்கும் வாயில்களில் 80 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கும். கால்வாசியாகக் குறைத்து 5 மில்லிகிராம் ஆக்கினாலும் 60 சதவீதம் பிடியில் இருக்கும். கடைசித் துளியில்தான் பெரிய சரிவே இருக்கிறது. "இவ்ளோ குறைச்சாச்சு, மிச்சம் என்ன" என்று நிறுத்துகிறவர்கள் அந்த இடத்தில்தான் விழுகிறார்கள். மெடிக்கலில் பழைய சீட்டை நீட்டி, அட்டையைக் கிழித்து நாலு மாத்திரை வாங்கி, நல்லா இருந்தால் விட்டு, கெட்டால் மறுபடி போடுகிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

புது மாத்திரை எனக்கு நிலைத்துவிட்டது. முதுகு நனைவதில்லை, மாமனார் வருவதில்லை. பதிலுக்குக் கொட்டாவி வந்திருக்கிறது. தூக்கமே இல்லாதபோதும், மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதும். இதுவும் தெரிந்த பக்கவிளைவுதானாம். ஆறு மாதமாவது இப்படியே இருக்கட்டும், பிறகு குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்கிறார் டாக்டர். அடுத்த வாரம் போக வேண்டும். அக்காவும் கூட வருகிறேன் என்கிறாள். கொஞ்ச நாளாக அவளுக்கு ராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதாம். வாயுதான், சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்கிறாள்.