கூலியும் லேபரரும்

நமது ஊருக்குப் பட்டர்வொர்த் என்று பெயர். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராயிருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரே அது. ஆட்சி புரிந்தவருக்காக ஒரு நகரமே பெயர் தாங்கி நிற்கின்றது. இந்நகரைச் சூழ்ந்த கரும்பு, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம்மவர் அனைவருக்குமோ ஒரே பெயர்தான் கிடைத்தது. அதுதான் ‘கூலி’.

உழைப்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘லேபரர்’ என்று வேறொரு சொல்லும் உண்டு. இரண்டும் ஒன்றே என்பர் சிலர். இலக்கணம் அவ்வாறு சொல்லவில்லை. உழு என்பதிலிருந்து உழவர் என்பது பிறத்தல்போல, உழைப்பைக் குறிக்கும் ‘லேபர்’ என்பதிலிருந்து ‘லேபரர்’ பிறக்கின்றது. அங்கே மனிதன் தன் செயலால் பெயர் பெறுகின்றான். ‘கூலி’ என்பதற்கோ ஆங்கிலத்தில் வினையடி இல்லை. அது கோலி என்னும் குஜராத்தி வகுப்பாரின் பெயரிலிருந்து வந்ததென்பர் சில அறிஞர். நமது தமிழ்ச் சொல்லே என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் தமிழன் காதில் அது ஊதியத்தின் பெயராகவே விழுகின்றது.

தமிழில் கூலி அஃறிணை, கூலியாள் உயர்திணை. ‘கூலி வந்தது’ என்றால் பணம் வந்தது. ‘கூலியாள் வந்தார்’ என்றால் மனிதர் வந்தார். ஆங்கில வினைச்சொல்லுக்கு இவ்வேறுபாடு இல்லாமையால், மனிதன் பணமாகிப் போனதை அவ்விலக்கணம் காட்டிக் கொடுக்கவில்லை. இஃது ஆகுபெயர்தானே என்று சமாதானம் கூறுவோரைக் கேட்கின்றோம்: வக்கீலைப் ‘பீசு’ என்றும், கிராணியைச் ‘சம்பளம்’ என்றும் யாரேனும் அழைப்பதுண்டா?

நிற்க. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியாரையும் அங்குள்ள வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். ஆகவே அச்சொல் அங்கே தொழிலைக் குறிக்கவில்லை, பிறப்பையே குறித்தது. தொழிற்பெயர் பிறப்பின் பெயராவது நமக்குப் புதிதா? நமது சாதிப் பெயர்கள் பலவற்றின் கதையும் அதுதானே! பிறன் நம்மைக் கூலி என்றபோது கொதித்த நாம், நம்முள் ஒருவனைச் சாதிப் பெயரிட்டு விளித்தபோது கொதித்தோமா?

1954-இல் தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடியபோது, ‘தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம்’ என்றே பெயர் வைத்தன. நன்று. ஆனால் இன்று செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். அவர்களைப் ‘பங்ளா’ என்று எள்ளி விளிக்கும் நாவுக்குக் ‘கூலி’ என்ற சொல்லின்மீது கோபங்கொள்ள உரிமை ஏது? செக்ரோலில் நாள்தோறும் அவர்கள் பெயரை எழுதும் நம்போன்ற கிராணிகளே முதலில் திருந்த வேண்டும். எழுதுகின்ற பெயரை வாயால் சொல்லி அழைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.