கிழக்கு எந்தப் பக்கம்?

பார்வையற்ற சிறுமிக்குத் திசை எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அவள்மீது உயிரையே வைத்திருப்பவர்கள். "இடது பக்கம் திரும்பு, நாலடி வை என்று சொன்னால் போதாதா? நாங்கள்தான் கூடவே இருக்கிறோமே" என்பார்கள்.

அந்தக் 'கூடவே'யில்தான் சிக்கல். இடதும் வலதும் உடலோடு ஒட்டியவை. குழந்தை திரும்பினால் அவையும் திரும்பிவிடும். கிழக்கு திரும்பாது. இடது வலது மட்டும் தெரிந்தவள் வழி தவறினால், யாராவது வந்து கைபிடிக்கும்வரை நிற்க வேண்டும். கிழக்கு தெரிந்தவள் தானே யோசித்து வழிக்குத் திரும்பலாம்.

திசை கண்ணுக்கு உரியதும் அல்ல. கீழே சரிந்த பக்கம் கிழக்கு, மேடான பக்கம் மேற்கு. தமிழ்நிலத்தின் சரிவே பெயராயிற்று. காற்றுக்கும் திசைவாரியாகப் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கையும் தோல்தான் அறியும். (வகுப்பில் இவற்றை மனப்பாடம் செய்யவைக்கிறோம், சன்னலைத் திறப்பதில்லை.)

அரசு பார்வையற்றோர் பள்ளி இருக்கும் பூந்தமல்லி, திசை பழகுவதற்குத் தோதான ஊர். நெடுஞ்சாலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் வலக்கன்னம் சுட்டால் முகம் வடக்கே இருக்கிறது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். உச்சிவெயில் நேரத்தில் சூரியன் உதவாது; அப்போது காது வேண்டும். சாலையின் வடபுறம் நின்றால், அருகில் ஓடும் வண்டிகள் வலமிருந்து இடமாக, நகரத்தை நோக்கிக் கிழக்கே போகும். எதிர்த்திசையில் போவனவற்றின் இரைச்சல் சற்றுத் தள்ளிக் கேட்கும். இதைச் சில நாள் நின்று கேட்கவைத்தால் போதும், குழந்தை பிடித்துக்கொள்வாள். நிற்கவைக்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

நீண்ட கோலை இருபுறமும் வீசித் தட்டி நடக்கும் முறை, இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1940களில் வகுத்தது. வளர்ந்த ஆண்பிள்ளை ஊருக்குள் தனியே போகலாமா என்று அங்கே எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே கோல் நம் வீட்டுப் பெண்பிள்ளையின் கைக்கு வரும்போது வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெண்களையும் குழந்தைகளையும் தனியே குறிப்பிட்டுச் சம உரிமை பேசுகிறது. வாசற்படியைத் தாண்டச் சட்டம் மட்டும் போதவில்லை.

காலம் கெட்டுக் கிடக்கிறது என்ற அம்மாக்களின் பயம் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறரை நம்பியிருப்பவள், வந்து பிடிக்கும் எந்தக் கைக்கும் தன் உடலைக் கொடுத்தாக வேண்டும். நல்ல கையா கெட்ட கையா என்று தீர்மானிக்க அவளுக்கு அவகாசமே இல்லை. உதறிவிட்டு நடக்க அவளுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நாம் சொல்லும் அறியாமை, அந்த ஒரு தப்பித்தலையும் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறது.

பயிற்சி பெற்றவர்கள் வழிகாட்டும்போது அவள் கையைப் பிடிப்பதில்லை. தங்கள் முழங்கையை நீட்டுகிறார்கள். அதைப் பற்றிக்கொண்டு அவள் அரையடி பின்னே வருவாள், வேண்டாதபோது விட்டுவிடுவாள்.