கேளாமல் வாங்கிய செம்பு

களவு செய்தவன் குற்றவாளி என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவன் கொணர்ந்த பொருளை விலை கொடுத்து வாங்கியவனின் நிலை என்ன? “நான் திருடவில்லை, காசு கொடுத்தேன், எங்கிருந்து வந்தது என்பதை நான் அறியேன்” என்கிறான் அவன். இந்த அறியாமை அவனைக் காக்குமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

பழைய உலோக வாணிகம் இழிவானதன்று. பிறர் ஒதுக்கியதைத் திரட்டி, மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டு வரும் தொழில் அது. சென்னையில் வழங்கும் ‘காயலான் கடை’ என்னும் பெயரைக் காயல்பட்டின வணிகரோடு இணைத்துச் சொல்வதும் உண்டு. ஆகவே இத்தொழிலின் மானம் நமக்கு அயலான செய்தியன்று.

செம்பை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை கெடுவதில்லை. அந்தச் சிறப்பே கள்வனுக்கும் துணையாகிறது. களவு போன மாட்டை அதன் சூட்டுக்குறி காட்டிக் கொடுக்கும். நகையை அதன் வேலைப்பாடு காட்டிக் கொடுக்கும். செம்போ, 1085 பாகை செல்சியஸில் உருகியதும் தன் பூர்வீகத்தை மறந்துவிடுகிறது. 2005இல் இங்கிலாந்தில் சிற்பி ஹென்றி மூரின் வெண்கலச் சிலை ஒன்று களவு போயிற்று. பல இலட்சம் பவுன் பெறும் அக்கலைப் பொருள், சுமார் 1,500 பவுன் பெறும் பழைய உலோகமாக உருக்கப்பட்டது என்றே காவல் துறையினர் கருதினர். உலைக்கு முன் நிற்கும் கடைசிச் சாட்சி, தராசு பிடிப்பவனே. அவன் கேளாது விட்டால் பின்னர்க் கேட்பார் இல்லை.

அப்படியானால் வருவோர் அனைவரையும் துருவித் துருவி விசாரிப்பதா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வின் ஹலால், ஹராம் பற்றிய பகுதியில், விசாரிக்க வேண்டிய இடத்தையும் விசாரிக்கலாகாத இடத்தையும் தனியே பிரித்து ஆராய்கிறார்கள். ஐயத்திற்கு அடையாளம் இல்லாதவனைத் துருவுவது அவன் மனத்தைப் புண்படுத்தும். அடையாளம் கண்ட பின் வாளாவிருப்பது பேணுதல் ஆகாது. சாக்குப் பையில் தகரம் பொறுக்கி வரும் ஏழையைக் கள்வனாகப் பார்ப்பது பாவம். ஆனால் உறை எரிக்கப்பட்ட புதிய மின்கம்பியும், சாக்கடையின் இரும்பு மூடியும் நள்ளிரவில் பாதி விலைக்கு வந்தால், அவையே பேசுகின்றன. அங்கே “அறியேன்” என்பது அறியாமையன்று, அறிய மறுத்தல்.

உலகச் சட்டமும் இதனையே நோக்குகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, களவுப் பொருள் என்று அறிந்து வாங்கியவனை மட்டுமன்றி, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கியவனையும் குற்றவாளியாக்குகிறது.

“நான் வாங்காவிடில் அடுத்த கடைக்காரர் வாங்குவார்” என்பது பழகிப்போன சமாதானம். அடுத்தவர் கணக்கை அடுத்தவர் கொடுப்பார். நம் கணக்கை நாமே கொடுக்க வேண்டும். வாங்குவோன் இல்லையேல் மின்கம்பியை அறுப்பவனுக்கு அது வெறுஞ்சுமை. தராசுத் தட்டில் விழுந்த அந்த மூடியின் இடத்தில், எங்கோ ஒரு தெருவில் பள்ளம் வாய் திறந்து கிடக்கிறது. பள்ளி செல்லும் குழந்தையின் கால் அதில் படுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது யாருடையது?” அதைக் கேட்கக் காசு வேண்டியதில்லை, சில வேளை இலாபத்தை இழக்கும் துணிவு மட்டுமே வேண்டும்.