காணாமையும் இன்மையும்

கண்ணுக்குப் புலனாகாத பொருள் இல்பொருள் ஆகுமோ? ஏதுவால் ஒன்றைத் துணிந்தவன் பின்னர் அத்துணிபினை மாற்றிக்கோடல் அவன் அறிவுக்கு இழுக்கோ? அளவை பயில்வார் உள்ளத்து எழும் இவ்விரு வினாக்களையும் வான நூலார் ஆய்ந்த ஒரு பொருளை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

நம் ஞாயிறு அடங்கிய பால்வழி மண்டிலத்தின் நடுவிடம் இங்கிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவினது. அதனருகே ஆர்ச்சஸ், குவின்டூப்லெட் எனப் பெயரிய விண்மீன் கொத்துக்கள் இரண்டு உள. அவற்றுள் ஆர்ச்சஸ் தோன்றி ஏறத்தாழ 30 இலக்கம் ஆண்டுகளே ஆகின்றன. ஞாயிற்றினும் பன்மடங்கு பெரிய மீன்கள் அதன்கண் செறிந்துள்ளன. ஆயினும், எத்துணைப் பெரிய தொலைநோக்கியால் நோக்கினும் நம் கண்ணுக்குரிய ஒளியில் அவை தோன்றா. இடைக்கிடந்த தூசி அவ்வொளியை மறைத்துவிடும். அகச்சிவப்புக் கதிரும், எக்ஸ் கதிர் எனப்படும் ஊடுகதிரும் அத்தூசியைக் கடந்து வருவன. ஊடுகதிரை நம் வளிமண்டிலம் தடுக்குமாதலின், அதனை ஏற்கும் கருவியை வானத்தே நிறுத்தல் வேண்டும். 1999-ஆம் ஆண்டு நாசா நிறுவனத்தார் செலுத்திய அத்தகைய கருவி, தமிழ்க் குடியினராய் 1910-இல் லாகூரிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரால் 'சந்திரா' என வழங்குகின்றது.

அக்கருவி ஆர்ச்சஸ் கொத்தினின்று ஊடுகதிர் வருதலைக் காட்டிற்று. பெருமீன்கள் கடுவேகத்தோடு வீசும் வளிகள் ஒன்றோடொன்று மோதிக் கோடிக்கணக்கான பாகை வெம்மையுறுதலே அதற்குக் காரணம் என்று துணிந்தனர். புகை கண்டு தீயை உணர்தல் போல்வது இக்கருதல். எனவே, காணாமை ஒன்றே இன்மைக்கு ஏதுவாகாது என்பது போதரும்.

இனி, இரண்டாம் வினா. அக்கொத்தினை அடுத்த முகிலொன்று இரும்பணுவுக்குரிய ஊடுகதிரை வீசிற்று. கொத்தினைச் சார்ந்து எழும் விரைதுகள்கள் முகிலைத் தாக்குதலால் அது நிகழ்வதென முன்னர்ப் பலர் கருதினர். 2012-ஆம் ஆண்டளவில் அக்கதிர் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குன்றிற்று. துகளாற் பிறப்பதாயின் அத்துணை விரைவிற் குன்றாது. ஆகவே அதன் பெரும்பகுதி, புறத்தே முன்னொருகால் எழுந்த பேரொளியின் எதிரொளி எனக் கொண்டனர். அவ்வொளி மண்டில நடுவிலுள்ள கருந்துளையினின்று எழுந்ததாகலாம் என்பர்.

ஒருகாற் பிழைத்த கருதலை மறுகால் நம்புதல் யாங்ஙனம் எனின், கூறுதும். கயிற்றை அரவென மயங்கிய கண்ணே, அணுகிய வழி அதனைக் கயிறெனத் தெளிகின்றது. மயங்கியது பற்றிக் கண்ணைத் துறப்பார் இலர். அவ்வாறே, பிழைத்த கருதலைத் திருத்தியதும் செவ்விதின் ஆய்ந்த கருதலே. பிழைபட்ட ஏதுவை விடாது பற்றுதலே இழுக்கு, விடுதல் இழுக்கன்று.

நம்மவருட் சிலர், இவையெல்லாம் நம் பழநூல்களில் முன்னரே உளவெனக் கூறி மகிழ்வர். நூலில் இல்லாததனை நூலின்மேல் ஏற்றுதல் அந்நூற்குப் பெருமை தாராது. உள்ளதனையும் பிறர் ஐயுறச் செய்யும். உரையளவையைப் போற்றுவார்க்கு உரையிற் பொய் கலவாது காத்தலே முதற்கடன். தம் துணிபு பிழையெனக் கண்டவழி அதனைத் தாமே வெளியிட்ட அவ்வான நூலாரிடத்து நாம் கற்கத்தக்கது இந்நேர்மையே என்க.