திறந்த வாயில்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில், லயங்களுக்கு அப்பால் சிறு தேவாலயங்களைக் காண்கிறோம். மலையகத்தில் அத்தொண்டு வேரூன்றிய விதத்தை நோக்கும்போது ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது.

1854இல், காப்பித் தோட்டங்களின் காலத்தில், சர்ச் மிஷன் சங்கத்தார் ‘தமிழ்க் கூலி மிஷ’னைத் தொடங்கினர். துரைமார் பணம் தந்தனர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். கடவுளின் முன் யாவரும் சமம் என்று போதித்த அந்த நிறுவனம், தொழிலாளியைக் கூலி என்றே அழைத்தது. எனினும் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளிகளையும் அதுவே நடத்தியது. அதை மறுப்பது நன்றி கொல்வதாகும்.

ஆனால் சங்கம் பேச வந்தோரை அதே துரைமார் அத்துமீறியோர் என்று விரட்டினர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துள் நுழைய நேர்ந்தது. ஆன்மாவைப் பற்றிப் பேசியவருக்கு வாயில் திறந்தது. சம்பளத்தைப் பற்றிப் பேசியவருக்கு மூடிக்கொண்டது.

ஒரு தொண்டுக்குச் செய்த நன்மை மட்டும் அளவுகோலாகாது. வாயில் பிறருக்கு அடைபட்டபோது அது எந்தப் பக்கம் நின்றது என்றும் கேட்டாக வேண்டும். இக்கேள்வி உபதேசியாருக்கு மட்டுமன்று. மாதச் சம்பளம் பெற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கும் உரியது.