பையின் எடை

இரண்டு நாள் கிராமத்துக்குப் போகிறவன் என்னத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? கேள்வி அற்பமாகத்தான் படுகிறது. ஆனால் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு பொருளும் ஒரு பயத்தின் பெயராகத் தெரிகிறது. மழை வந்தால் என்று குடை. வயிறு கெட்டால் என்று மாத்திரை. மனிதர்கள் அலுத்துப்போனால் என்று புத்தகம். இவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டால் பை இலேசாகிவிடும், கூடவே மனமும் இலேசாகிவிடும் என்று வெகுகாலம் நம்பிவந்தேன். ஒரே ஒரு ஜோல்னாப் பையோடு ஊர் போய் வருவதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

சென்ற தை மாதம், மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலைக் குகைகளைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கிராமத்தில் நண்பர் வீட்டில் இரண்டு இரவு தங்கல். பையில் மாற்று வேட்டி, துண்டு, பல் துலக்க பிரஷ், ஒரு நோட்டு. நண்பரின் தாயார் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'என்ன தம்பி, ஒரு துப்பட்டிகூட எடுத்தாரலையா?' என்றார். 'எதுக்கும்மா, நான் எப்பவும் இப்படித்தான்' என்றேன், சிறிது பெருமையோடு. இரவில் எனக்குப் பாயும் தலையணையும் கனத்த கம்பளியும் வந்தன. பனி இறங்கிய பின்னிரவில் எழுந்து வெளியே போனபோது, அடுப்படியில் அவர் ஒரு பழம்புடவையை இரண்டாக மடித்துப் போர்த்திச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டில் கம்பளி ஒன்றுதான் இருந்தது. நான் ஊரில் விட்டுவிட்டு வந்த போர்வையின் எடை எங்கேயும் போய்விடவில்லை. ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் மலை ஏறினோம். குகைத் தரையில் செதுக்கி வழுவழுப்பாக்கிய கற்படுக்கைகள். உடைமை வேண்டாம் என்று வந்த சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்டவை. பாறையில் தமிழ் பிராமி எழுத்துக்கள், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. கணி நந்தன் என்ற துறவியின் பெயர் அங்கே இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயரும், அவனுடைய அதிகாரியின் பெயரும், கொடை கொடுத்த வெள்ளறை வணிகக் குழுவும் இருக்கின்றன. எதையும் எடுத்து வராதவன் தலை சாய்க்க, உளி பிடித்த கைகளைச் சேர்க்காமலே, இவ்வளவு பேர் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

துறவைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. துறவி தான் கையேந்துவதை மறைப்பதில்லை. அது அவனுடைய விரதத்திலேயே ஒரு பகுதி. கொடுத்தவன் பெயரும் கல்லில் நிற்கிறது. கணக்கு எல்லோரும் பார்க்கும்படித் திறந்து கிடக்கிறது. முந்தின இரவு நான் செய்தது வேறு. வாங்கிக்கொண்டே, எதுவும் தேவைப்படாதவன் மாதிரி ஒரு பாவனை. எளிமை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்தப் பாவனைதானோ என்று அந்தக் கற்படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது சந்தேகம் வந்தது.

அன்றிரவு கம்பளியை வேண்டாம் என்றேன். குளிரவில்லை என்று பொய் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. 'வந்த புள்ளைய பனியில போட்டுட்டு நாங்க எப்படித் தூங்குறது?' வாங்கிப் போர்த்திக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கட்டிச் சுமந்துகொண்டு போவதா? தன் தண்ணீர், தன் சோறு, தன் படுக்கை என்று வந்து இறங்குகிறவன், திண்ணையைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் அந்த வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறான். உங்களிடம் நான் வாங்கிக்கொள்ள எதுவுமில்லை என்று சொல்லாமல் சொல்கிறான். இந்த நாட்டில் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் சாதியின் நீண்ட சரித்திரம் இருக்கிறது. பிறர் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று சொம்பைக் கூடவே கொண்டு திரிந்தவர்களின் மூட்டைகள் கனமாகத்தான் இருந்தன. கனத்த பை, இலேசான பை இரண்டுமே அடுத்தவனைப் பார்க்காமலிருக்க உதவக்கூடியவை.

மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே கூத்தர் கூட்டத்தின் பைகள் வருகின்றன. முழவு, ஆகுளி, குழல் என்று உள்ளே இருப்பவையெல்லாம் வாத்தியங்கள். சோற்றுக்கும் படுக்கைக்கும் வழியில் வரும் ஊர்களை நம்பித்தான் அவர்கள் நடக்கிறார்கள். ஆனால் தோளில் சுமை இல்லாமல் நடக்கவில்லை. போகிற இடத்தில் தாங்கள் கொடுக்க வேண்டியதைச் சுமந்துகொண்டு போகிறார்கள். வாங்குவதில் அவர்களுக்குக் கூச்சமில்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். என் பையில் அப்படி என்ன இருந்தது? ஒரு நோட்டு. அதிலும் நான் எழுதியது குகையைப் பற்றித்தான்.

1689இல் வடக்கு நோக்கி நடந்த ஜப்பானியக் கவி பாஷோ, வெறும் உடம்போடு கிளம்ப நினைத்தவர். வழியனுப்பிய நண்பர்கள் கொடுத்தவற்றை எறிய மனமில்லாமல் சுமந்து வருந்தியதைத் தம் பயண நூலில் சொல்லியிருக்கிறார். கிளம்புகிற காலையில் நண்பரின் தாயார் என் ஜோல்னாப் பையில் பச்சை மொச்சையைத் திணித்தார். பஸ் நிறுத்தம் வரும்வரை தோள்பட்டை வலித்தது. கம்பளியைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கொடுத்ததை அவர் கண் முன்னாலேயே எடை போட்டதாக ஆகியிருக்கும்.

அடுத்த முறை ஒரு துப்பட்டி எடுத்துப் போவேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை.