யார் தாங்கிப் பிடிப்பது?

ஜனவரி 10. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், உய்தா கடற்கரை. வூடூன் திருவிழா பார்க்க ஆபீஸுக்கு லீவு போட்டு வந்திருந்தேன். நடமாடும் வைக்கோற்போர் மாதிரி ஒரு உருவம் சுழன்று சுழன்று ஆடியது. பெயர் சங்பேட்டோ, ராத்திரியில் ஊரைக் காப்பது. ஆடி முடித்ததும் அதைக் கவிழ்த்துக் காட்டினார்கள். உள்ளே ஆள் இல்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் மட்டும் ஆள் எங்கே ஒளிந்திருப்பான் என்று மணலில் தேடிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் புத்தி.

கொஞ்ச நேரத்தில், வெள்ளைத் துணி உடுத்திய ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. போனைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற வழிகாட்டி லென்ஸைக் கையால் மறைத்தார். "எவ்வளவு கொடுக்கணும்?" என்றேன். "பணம் இல்லை. அவள் இப்போது அவளாக இல்லை. யாரிடம் அனுமதி கேட்பாய்?"

என் தரப்புக்கும் நியாயம் உண்டு. 1970களில் மார்க்சிய அரசு இந்த வழிபாட்டை ஒடுக்கியது. ஹாலிவுட் இதை ஊசி குத்திய பொம்மையாக்கியது. ஜனநாயகம் திரும்பிய பிறகுதான் இந்த நாள் அரசு விடுமுறை ஆனது. ஒளிந்து கும்பிட்டவர்கள் வெளியே வந்து ஆடுகிறார்கள் என்றால், பார்க்கச் சொல்லித்தானே? இதே கரையிலிருந்துதான் லட்சக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களோடு போன தெய்வங்கள் ஹைட்டியிலும் பிரேசிலிலும் வாழ்கின்றன. அந்தச் சந்ததிகளில் சிலர் இங்கே திரும்பி வருகிறார்கள். 'பார்க்காதே' என்று கதவைச் சாத்தும் விழா இல்லை இது.

ஆனால் கூப்பிட்டது ஊர். தன்னை மறந்து கிடந்த அவளால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இதை நான் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஊர்க் கொடையில் எங்க அத்தைக்குச் சாமி வந்ததை எவனோ ரீல்ஸ் போட்டான். கீழே சிரிக்கும் முகங்கள். "ஊரே பாத்துச்சு, அதுக்கு வெக்கப்படல. இவனுங்க யாருப்பா?" என்று அத்தை கேட்டார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஊர் பார்ப்பதும் போன் பார்ப்பதும் ஒன்றில்லை. களத்தில் பார்ப்பவனுக்கு ஒரு வேலை இருக்கிறது. விழுந்தால் பிடிக்கணும், துணியைச் சரிசெய்யணும், தண்ணி கொடுக்கணும். அந்தப் பொறுப்புதான் அவன் பார்வைக்கு அனுமதி. வீடியோ பார்ப்பவனால் யாரையும் தாங்க முடியாது. நம்பிக்கை வேறாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பொறுப்புக்கு நம்பிக்கை தேவையில்லை.

அறைக்கு வந்து வீடியோவை அழித்தேன். க்ளவுடில் பேக்கப் ஆகியிருந்தது, அங்கேயும் அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். லென்ஸை அவர் மறைப்பதற்குச் சற்று முன்னால் அவள் சாய்கிறாள். தூரத்திலிருந்து இரண்டு பெண்கள் ஓடிவந்து பிடிக்கிறார்கள். அவளுக்கு மிக அருகில் நின்றது நான்தான். என் இரண்டு கையிலும் போன் இருந்தது.